சட்டத்தொழிலில் உளநலம் (திருகோணமலை மாவட்டம்)

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் தொழில் புரியும் சட்டத்தரணிகள், நொத்தாரிசுகள், நீதித்துறை அலுவலர்கள் ஆகியோரின் உளநலமும், உதவி தேடுவதில் அவர்களுக்குள்ள தயக்கமும் இக்கட்டுரையின் பொருள். தயக்கத்துக்கு நாணமும் வேலைப்பளுவும் பொதுவாகக் காட்டப்படும் காரணங்கள். மூன்றாவது காரணம் நாட்டின் சட்டவரலாற்றில் உள்ளது. மனநோயை நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டிய குறைபாடாகக் கையாண்டு பழகிய தொழில் இது. அந்தக் குறைபாடு தனக்கும் வரலாம் என்று ஒப்புக்கொள்வது இத்தொழிலில் உள்ளவருக்கு இரட்டிப்புச் சங்கடம்.

இத்தொழிலுக்கு வழக்குகள் வரும் சூழலுக்குச் சல்லி ஓர் எடுத்துக்காட்டு. அது திருகோணமலை நகருக்கு வடக்கே சாம்பல்தீவை அடுத்து வங்காள விரிகுடாக் கரையில் அமைந்த மீனவக் கிராமம். முத்துமாரியம்மன் கோயிலால் பெயர்பெற்றது. கரைவலைப் பாட்டுத் தகராறு, காணி எல்லைச் சண்டை, பிணை மனு எல்லாவற்றுக்கும் இவ்வாறான கிராமத்தார் நகரத்து நீதிமன்றங்களுக்கே போகவேண்டும். காணிச் சண்டை கைகலப்பாக முற்றும் நிலை வந்தால் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் பொலிஸார் மன்றுக்கு அறிக்கையிடுவர். அண்ணன் தம்பி, மாமன் மருமகன் எதிரெதிரே நிற்கும் வழக்குகள் இவை. கட்சிக்காரரின் வெக்கை முழுவதும் முதலில் சட்டத்தரணியின் மேசையில்தான் இறங்கும்.

சிறிய நகரத்தில் காரியாலயம், வீடு, கோயில், வைத்தியசாலை எல்லாம் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். உளநலக் கிளினிக்கின் வாங்கில் பக்கத்தில் துண்டும் கையுமாக இருப்பவர் மறுநாள் தவணைக்கு வரும் கட்சிக்காரராக இருக்கக்கூடும். அம்மன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்து வருபவரிடம் என்ன குறை என்று ஒருவரும் கேட்பதில்லை. கிளினிக் அட்டையோடு காண்பவரிடம் கேட்பார்கள்.

சட்டவரலாறு

பிரித்தானிய ஆட்சியில் கொழும்பு பொறளையில் 1847 இல் மனநோயாளர் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் இலங்கையில் மனநோய் எவ்வாறு பார்க்கப்பட்டது என்பதை நிர்ணயித்தது கட்டடமன்று, 1873 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். இதன்படி ஒருவர் சித்தசுவாதீனம் இழந்தவர் என்று மாவட்ட நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டால் நீதிபதி அவரை அழைப்பித்து விசாரிப்பார்; வைத்தியரின் சாட்சியம் பெறப்படும்; தேவையானால் அவதானிப்பில் வைக்கப்படுவார்; முடிவில் காப்பகத்துக்கு அனுப்பும் கட்டளை பிறக்கும். வைத்தியர் சாட்சி மட்டுமே. தீர்மானிப்பவர் நீதிபதி, வாதிடுபவர் அக்காலத்து அப்புக்காத்து (அட்வகேட்) அல்லது பிறக்கிராசி (புரொக்டர்). கட்டளை பிறந்தபின் திருகோணமலையிலிருந்து நோயாளி தீவின் மறுகரைக்கே அனுப்பப்பட்டார். 1926 இல் கொழும்பை அடுத்த அங்கொடையில் மனநோய் வைத்தியசாலை வந்தபின்னரும் இந்தத் தூரம் குறையவில்லை. 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் நாடெங்கும் வசைச்சொல்லானது.

தாமாக விரும்பி வைத்தியசாலையில் சேர்வதற்குச் சட்டம் இடம் தந்தது 1956 திருத்தத்தின் பின்னர்தான். அதற்கு முந்திய எண்பத்துச்சொச்சம் ஆண்டுகள், சட்டத்தின் கண்ணில், உதவியைத் தேடிப்போகும் நோயாளி என்று ஒருவர் இல்லை; பிறரால் கொண்டுவரப்படும் நோயாளி மட்டுமே இருந்தார். இந்தப் பழக்கம் சட்டத்தோடு நாள் முழுதும் புழங்கியவர்களிடம் ஆழமாகப் படிந்தது வியப்பன்று. புதிய மனநலச் சட்டத்துக்கான வரைவுகள் பலமுறை எழுந்தும் 1873 சட்டம் 21 ஆம் நூற்றாண்டுக்குள்ளும் நீடித்தது.

மற்றச் சட்டங்களும் இதே வழியில் சென்றன. 1883 தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு, செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ சித்தசுவாதீனமின்மையால் அறியமுடியாத நிலையில் இருந்தவரைக் குற்றப்பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. 1843 இல் இங்கிலாந்தில் எழுந்த மக்னாட்டன் விதியின் வழி வந்தது அது. 1889 குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, சித்தசுவாதீனமற்றவரின் சொத்தை நிருவகிக்க ஆள் நியமிக்கும் முறையைக் கூறுகிறது. மரணசாசனம் எழுதுவிக்கும் முதியவரின் புத்தி தெளிவாக உள்ளதா என்று பார்ப்பது நொத்தாரிசின் வேலை. சாசனத்தை உடைக்க வருபவரின் சட்டத்தரணி தேடுவதும் அந்தத் தெளிவில் ஒரு கீறலைத்தான். தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவரை நீதவான் முன் நிறுத்தும் தண்டனைச் சட்டக்கோவையின் 302 ஆம் பிரிவு 1998 இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தவருக்கு முதலில் தேவைப்பட்ட துணைகளுள் ஒருவர் சட்டத்தரணி.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சட்டத்துக்குத் தெரிந்த உளநிலைகள் மூன்று: பொறுப்பில்லாதவர், தகைமையில்லாதவர், அடைத்துவைக்கப்படவேண்டியவர். தூக்கம் கெட்டவர், காலையில் நீதிமன்றப் படியேற மனம் வராதவர், மாலையில் போத்தல் இன்றி மறுநாள் கோவையைத் திறக்கமுடியாதவர் ஆகியோருக்கு இந்த வகைப்பாட்டில் இடமில்லை. சட்டத்தொழிலில் காணப்படும் துன்பமோ பெரும்பாலும் இவ்வாறு இடம்பெறாத வகையைச் சேர்ந்தது.

தொழிலமைப்பும் இரகசியமும்

1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு பிரிவுகளை இணைத்து, 1974 முதல் எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கியது. இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் அதன் வழி உருவானது. 1978 நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு வஞ்சகம், முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காகச் சட்டத்தரணியை இடைநிறுத்தவோ பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்கவோ உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தவணை தவறியதும், கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்குக் காட்டாததும் நோயின் விளைவாகவும் இருக்கலாம். ஆனால் அப்பிரிவின் சொற்கள் ஒழுக்கத்தைப் பற்றியவை.

1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 126 ஆம் பிரிவு, கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் தொழில்முறையில் சொன்னதை வெளியிடாதவாறு காக்கிறது. நோயாளி வைத்தியரிடம் சொன்னதற்கு அச்சட்டத்தில் அவ்வாறான காப்பு இல்லை. மன்று பணித்தால் வைத்தியர் சொல்லவேண்டியவரே. சாதாரண நோயாளிக்கு இது தெரியாது. சட்டத்தரணிக்குத் தெரியும். விவாகரத்து வழக்கிலும் பிள்ளைப் பராமரிப்பு வழக்கிலும் எதிர்த்தரப்பின் வைத்தியக் குறிப்புகளை அழைப்பித்துப் பார்த்தவர், தன் பெயரில் அப்படியொரு குறிப்பு எழுதப்படுவதை எளிதில் விரும்பமாட்டார்.

போர்க்காலமும் பின்னரும்

உள்நாட்டுப் போரில் திருகோணமலையின் வழக்கேடுகள் கனத்தன. 2006 ஜனவரி 2 இல் நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவர்களின் உடல்களைப் படமெடுத்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்டில் மூதூரில் பட்டினிக்கெதிரான அமைப்பின் பணியாளர் 17 பேர் கொலையுண்டனர். மாணவர் வழக்கில் 2013 இல் கைதான விசேட அதிரடிப்படையினர் 13 பேரும், போதிய சான்றில்லை என்று 2019 ஜூலை 3 இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். இவ்வகை வழக்குகளில் சட்டத்தரணி பிரேதப் பரிசோதனை அறிக்கையை வரிவரியாக வாசிக்கவேண்டும், பெற்றோரின் வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கவேண்டும், சாட்சிகள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டு வெளியேறுவதைப் பார்க்கவேண்டும், ஒவ்வொரு தவணையிலும் அதே குடும்பத்துக்கு அடுத்த திகதியைச் சொல்லவேண்டும். பிறர் துயரைக் கேட்டுக் கேட்டுத் தானும் வடுப்படுவதை உளவியலார் இரண்டாம்நிலை மனவடு என்பர். வடகிழக்கில் போரின் மனவடுவை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உளவளத்துணை கிழக்குக் கரையோரக் கிராமங்களுக்குப் பழகிய சேவையானது. மீனவர் அதை ஏற்றுக்கொண்ட அளவுக்குச் சட்டத்தரணிகள் ஏற்றனர் எனச் சொல்வதற்கில்லை.

நீதித்துறையில் உள்ள ஒருவர் மன உளைச்சலை வெளிப்படையாக எழுத்தில் வைத்தது 2023 செப்டெம்பரில். முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது தொடர்பான வழக்கில் அவர் பிறப்பித்த கட்டளைகளே நெருக்கடியின் பின்னணி. வடக்குக் கிழக்குச் சட்டத்தரணிகள் பணிப்புறக்கணிப்பில் இறங்கினர். விவாதம் முழுவதும் அச்சுறுத்தலைச் சுற்றியே நடந்தது. பதவி விலகல் கடிதத்தின் மற்றச் சொல்லான அழுத்தம், அரசியல் கூச்சலில் கவனிக்கப்படாமல் போயிற்று.

பிற நாடுகள்

அமெரிக்காவில் 12,825 சட்டத்தரணிகளிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில் 28 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், ஐவரில் ஒருவரிடம் சிக்கலான மதுப்பழக்கமும் காணப்பட்டன. இங்கிலாந்தில் சட்டத்துறையினருக்கென்றே 'லோகெயார்' என்ற அமைப்பு 1997 முதல் இயங்குகிறது. சர்வதேச சட்டத்தரணிகள் சங்கத்தின் 2021 அறிக்கையில், தொழில் பாதிக்கும் என்று அஞ்சித் தம் மனநிலையை மேலதிகாரியிடம் பேசமாட்டோம் என்றோர் 41 சதவீதத்தினர். நீதிபதிகளின் நலன் பற்றிய நவுறு பிரகடனம் 2024 ஜூலை 25 இல் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்த நாளை நீதித்துறை நலனுக்கான சர்வதேச நாளாக்கியது.

தற்போதைய உதவி

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம், 1333 என்ற ஆலோசனை இலக்கம், 1974 இல் தொடங்கிய சுமித்ரயோ ஆகியவற்றை எவரும் நாடலாம். கூப்பிடுபவரின் தொழிலை இவை பொருட்படுத்துவதில்லை. நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலச் சேவை உண்டு.