அலக்குவதும் உணக்குவதும்: ஒரு ஜோடி மெஷினின் கதை



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், 1960களில் வந்த ஒரு வாஷிங் மெஷினும், அதே கம்பெனியில் அதே நிறத்தில் வந்த டிரையரும் ஜோடியாக வாங்கியிருப்பதாகப் படம் அனுப்பினான். நான் அதைக் குழுவில் போட்டதும் ஒரே சிரிப்பு. "ஆக்கர் கடைக்குப் போக வேண்டியதைக் காசு குடுத்து வாங்குறானே டீச்சர்" என்றார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் வரலாறு படித்தவர்கள். அதனால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. கொஞ்சம் நீளும். சாயா எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அந்த ஜோடி எப்படி உண்டானது என்று பார்ப்போம். அமெரிக்காவில் வீட்டுக்கான தானியங்கி வாஷிங் மெஷினை பெண்டிக்ஸ் கம்பெனி 1937-ல் கொண்டுவந்தது. ஓடும்போது குதிக்கும் என்பதால் அதைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்க வேண்டியிருந்தது. டிரையருக்கு வேறு கதை. வடக்கு டகோட்டாவில் ராஸ் மூர் என்பவர், பனிக்குளிரில் தன் அம்மா வெளியே துணி காயப்போடப் படும் பாட்டைப் பார்த்து, கொட்டகைக்குள் அடுப்பு வைத்து, சுற்றும் உருளையில் துணியை உலர்த்திப் பார்த்தார். பல வருடம் அலைந்தபிறகு ஹாமில்டன் என்ற கம்பெனி அதை 1938-ல் 'ஜூன் டே' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. ஜூன் மாதம் என்றால் அவர்களுக்கு இதமான வெயில். அருமனைக்காரர்களுக்கு ஜூன் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டாம்!

ஆக, இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கம்பெனிகள். போருக்குப் பிறகு புது வீடுகள் கட்டினார்கள். நிலவறையில் கிடந்த துணி துவைக்கும் இடம் மேலே அடுக்களைப் பக்கம் வந்தது. விருந்தாளி கண்ணில் படும் இடமாகிவிட்டதால் கம்பெனிகள் இரண்டையும் ஒரே உயரம், ஒரே முகப்பு, ஒரே நிறத்தில் செட்டாக விற்கத் தொடங்கின. 1950களில் இளஞ்சிவப்பு, நீலப்பச்சை. அப்புறம் செம்பு நிறம். 1970களில் வெண்ணெய்ப்பழப் பச்சையும் மஞ்சளும்.

இப்போது சேகரிப்பவர்களுக்கு உள்ள கஷ்டத்தைப் பாருங்கள். டிரையர் என்பது ஒரு உருளை, ஒரு பெல்ட், ஒரு ஹீட்டர். நாற்பது வருடம் ஓடும். வாஷர் அப்படியில்லை. தண்ணீர், சோப்பு, துரு, கியர், பம்பு எல்லாம் சேர்ந்து அதை முதலில் கொன்றுவிடும். வாஷர் போனதும் டிரையருக்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் இன்னொன்று வந்து உட்காரும். ஒரே வருடம், ஒரே வீடு, பிரியாத ஜோடி என்பது அதனால்தான் அரிது. அவன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: டிரையரின் மேல்பக்கம் பளபளப்பாக இருக்கிறது, வாஷரின் மூடி ஓரத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது. யாரோ ஒரு பெண்ணின் கை அது.

இதனால் வரலாற்றுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். கொலராடோவில் ஈட்டன் என்ற சிற்றூரில் லீ மேக்ஸ்வெல் என்று ஒரு மின்பொறியியல் பேராசிரியர். 1985-ல் அயோவாவில் ஒரு ஏலத்தில் பழைய மேடாக் மெஷின் ஒன்றை வாங்கினார். அதோடு பிடித்தது பித்து. ஓய்வுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேல் சேர்த்து, பழுதுபார்த்து, ஓடவைத்து, ஒரு காட்சிச்சாலையே கட்டிவிட்டார். கின்னஸ் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. அவர் மெஷினோடு நிற்காமல் பழைய காப்புரிமைப் பத்திரங்களையும் தேடிப் படித்தார்.

நாமெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் 'மின்சார வாஷிங் மெஷினைக் கண்டுபிடித்தவர் ஆல்வா ஃபிஷர், 1908' என்று மனப்பாடம் செய்தோம் அல்லவா? ஃபிஷருக்குக் காப்புரிமை கிடைத்தது 1910-ல். அதற்கு முன்பே வேறொருவருக்குக் கிடைத்திருக்கிறது. 1904-லேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் மின்சார வாஷர் விளம்பரம் வந்திருக்கிறது. முதலில் செய்தவர் யார் என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு வரி விடையை அழிக்க இவ்வளவு பழைய இரும்பும் பழைய காகிதமும் வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். தானியங்கி வருவதற்கு முந்தைய அமெரிக்க மெஷின்களில் தொட்டிக்கு மேலே இரண்டு உருளைகள் இருக்கும். நனைந்த துணியை நடுவில் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் தண்ணீர் வழிந்து தட்டையாக மறுபக்கம் வரும். அதன் படத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ரப்பர் ஷீட் அடிக்கிற நம் மெஷின்! பால் உறைந்த கட்டியை முதலில் வழவழப்பான உருளையில் கொடுத்து மெலிதாக்கி, பிறகு வரி போட்ட உருளையில் கொடுத்து, கொடியில் போட்டு, புகைப்புரையில் உணக்குவோம். அதுவும் ஜோடி மெஷின்தான். பிளெயின் ஒன்று, வரி ஒன்று. அருமனைப் பக்கம் இந்த ஜோடி துருப்பிடித்துக் கிடக்காத புரையிடம் குறைவு. ஷீட் அடிப்பதை விட்டுப் பாலாகவே விற்பவர்கள் கூடியபிறகு இவையும் எடைக்குப் போகின்றன.

இடவப்பாதி மழையில் ரப்பர் ஷீட் மட்டுமா புகையில் காய்ந்தது? அடுப்புக்கு மேல் கொடி கட்டி யூனிபாரம் காயப்போட்ட வீடுகள் எத்தனை! ஜூன், ஜூலையில் முதல் பீரியட் வகுப்பில் நுழைந்தால் புகைமணம் அடிக்கும். பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அதனால்தான் இங்கே இரட்டைத் தொட்டி மெஷின் வந்தபோது பெண்கள் வாஷரைவிட டிரையரைத்தான் கொண்டாடினார்கள். உண்மையில் அது டிரையரே இல்லை. சூடு கிடையாது, வேகமாகச் சுற்றித் தண்ணீரை வெளியே எறியும், அவ்வளவுதான். பிரிட்டனில் ஹூவர் கம்பெனி 1957-ல் இறக்கிய ஹூவர்மேட்டிக் இந்த வகையைப் புகழ்பெறச் செய்தது. இந்தியாவில் 1980களின் கடைசியில் டி.வி.எஸ்.ஸும் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் வாஷிங் மெஷின் தொழிற்சாலை தொடங்கின. பிறகு வீடியோகான் போன்றவை வீடு வீடாக வந்தன. பைப்பில் எப்போதும் தண்ணீர் வராத, கரண்ட் அடிக்கடி போகிற ஊருக்கு முழுத் தானியங்கி ஒத்துவராது. இரட்டைத் தொட்டிக்கு வாளியில் கோரி ஊற்றினால் போதும். அமெரிக்காக்காரர் தேடி அலையும் ஜோடியை நாம் ஒரே பெட்டிக்குள் வைத்திருந்தோம். ஒன்று கெட்டாலும் மற்றது பிரிந்து போக வழியில்லை!

எங்கள் வீட்டுக்கு அது வந்தது என் நாற்பதாவது வயதில். அதுவரை காலை நாலரைக்கு அலக்கு கல்லில் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்தேன். மெஷின் வந்தபிறகு அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நோட்டுகள் திருத்தினேன். உங்கள் விடைத்தாளில் சிவப்பு மை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் மெஷினுக்கு முன்னால் எல்லா வீட்டுத் துணியையும் வீட்டுப் பெண்கள்தான் அலக்கினார்களா? இல்லை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். உவர்மண்ணில் தோய்த்த துணியைப் பெரிய பானை வாயில் அடுக்கி, அடியில் தீ போட்டு, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைப்பது வெள்ளாவி. காரமும் ஆவியும் சேர்ந்து அழுக்கை இளக்கும். வேதியியல் எடுத்தவர்கள் யோசித்துப் பாருங்கள். பல வீட்டுத் துணி கலந்துவிடாமல் இருக்க சேங்கொட்டைச் சாறால் குறி போடுவார்கள். எத்தனை துவைத்தாலும் போகாது. எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் வைத்திருந்த கணக்குப் புத்தகம் அது.

தீட்டு கழிய வண்ணாத்தி கொடுக்கும் 'மாற்று' வேண்டும் என்ற வழக்கம் திருவிதாங்கூரில் இருந்தது. அவள் கை பட்ட துணி சுத்தம், அவள் மட்டும் தள்ளி நிற்க வேண்டும். பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் புதிரை வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, இரவில்தான் வேலை செய்ய வேண்டும் என்ற நிலை இருந்ததை 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளேடு வெளியிட்டது. என் அம்மா பிறந்த காலம் அது. வெகுதூரப் பழங்கதை இல்லை.

கொச்சிக் கோட்டையில் இன்றும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் டோபி கானாவில் வேலை செய்கின்றன. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். இப்போதுள்ள துவைகற்களும் தொட்டிகளும் 1976-ல் கட்டிக் கொடுக்கப்பட்டவை. கிளிப் கிடையாது, முறுக்கிய கயிற்றுப் புரிகளுக்கு இடையில் துணி முனையைச் செருகிவிடுவார்கள், காற்று இழுத்தாலும் வராது. கொச்சி போகிறவர்கள் மீன்வலையோடு படம் எடுத்துத் திரும்பாமல் இதையும் பாருங்கள்.

அகமதாபாத்தில் சுரேந்திர படேல் என்பவர், பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்கள் உருக்குவதற்குப் போவதைப் பார்த்து, 1981-ல் 'விச்சார்' என்று பாத்திரங்களுக்காகவே ஒரு காட்சிச்சாலை தொடங்கினார். நாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நம் பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜாவின் கட்டிலைப் பார்க்கலாம். ராஜாவின் வேட்டியை வெளுத்த பானையை எங்கே பார்ப்பது?

என்னிடம் இப்போது இருப்பவை: கரி போடும் தேய்ப்புப் பெட்டி மூன்று, அதில் ஒன்றுக்குச் சேவல் கொண்டி, ஷீட் மெஷின் ஒரு ஜோடி, என் பழைய இரட்டைத் தொட்டி, வாங்கிய ரசீதோடு. வெள்ளாவிப் பானை இல்லை. குழித்துறை, களியல், கடையாலுமூடு பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன். வீட்டில் அந்த வேலை தெரிந்த பெரியவர்கள் இருந்தால், தீ எத்தனை நாழிகை எரித்தார்கள், எந்த வீட்டுக்கு எந்தக் குறி, கூலி நெல்லா பணமா என்று அவர்கள் வாயால் சொல்வதை போனில் பதிந்து எனக்கு அனுப்புங்கள். அவர்கள் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.