ஆழிப்பேரலைக்குப் பின் மனநிலை மதிப்பீடு

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, மரக்காணம் பகுதியின் மீனவக் குப்பங்களையும் தாக்கியது. அதன்பின் தமிழகக் கடலோரத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தூங்காமல் அழுதுகொண்டிருப்பவர் நோயாளியா, துக்கத்தில் இருப்பவரா? இதைப் பிரித்தறிய மனநல மருத்துவர்கள் போதிய அளவில் இல்லை. எனவே பெங்களூருவின் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தன.

மனநிலையை மதிப்பிடும் முறைக்குப் பழைய வரலாறு உண்டு. 1794-இல் சென்னையில் மனநோயாளர் இல்லம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் ஒருவரை அடைத்து வைக்க வேண்டுமா என்பதே முதன்மையான கேள்வி. நோயாளியின் அனுபவத்தை அவர் சொற்களிலேயே கேட்டு விவரிக்கும் முறையை, ஜெர்மானியரான கார்ல் யாஸ்பர்ஸ் 1913-இல் வெளியிட்ட நூல் வலியுறுத்தியது. தோற்றம், நடத்தை, பேச்சு, உணர்வு, எண்ண ஓட்டம், புலனுணர்வு, நினைவாற்றல், தன் நிலை பற்றிய தெளிவு ஆகியவை இன்று வரிசையாகப் பார்க்கப்படுகின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது நேரடியாகவே கேட்கப்படும். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது.

ஆனால் கேள்விகள் ஊருக்கு ஏற்ப மாற வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது கவனத்தைச் சோதிக்கும் பழைய வழி. பள்ளிக்குப் போகாத உப்பளத் தொழிலாளி அதில் தடுமாறினால், அது படிப்பின்மையையே காட்டும். (கணக்குப் பாடத்தில் தடுமாறிய பிள்ளைகளை மந்தபுத்தி என்று சொல்லிவிட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன்.) கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டால், அவர் சட்டென்று சொல்லிவிடுவார். ஆங்கிலத் தேதி தெரியாத மீனவர் அமாவாசை எப்போது என்று சரியாகச் சொல்வார். கடலுக்குப் போகிறவருக்கு அது தொழில் அறிவு. அதையும் காலத் தெளிவின் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

இறந்த மகனின் குரல் இரவில் கேட்கிறது என்று ஒரு தாய் சொன்னால், அதை மட்டும் வைத்து மனநோய் என்று எழுதிவிட முடியாது. துக்கத்தில் அது பலருக்கும் நேர்வது. அவர் உண்கிறாரா, மற்றவரோடு பேசுகிறாரா, குரல் ஏதேனும் கட்டளையிடுகிறதா, மாதங்கள் கடந்தும் வேலைக்குத் திரும்ப முடியவில்லையா என்பதைச் சேர்த்தே ஆலோசகர் முடிவு செய்கிறார். ஐயம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புகிறார். ஒரே சந்திப்பில் முடியும் வேலை அல்ல இது; அதே வீட்டுத் திண்ணைக்கு மறுபடியும் போக வேண்டும்.