லாசரு என்னும் தேவசகாயம்

1745-ஆம் ஆண்டு, வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குருவான புத்தாரி, நீலகண்டன் என்பவருக்குத் திருமுழுக்குக் கொடுத்து லாசரு என்று பெயரிட்டார். ஊர் வாயில் நிலைத்ததோ அந்த ஒலி அன்று, அதன் பொருள்: தேவசகாயம். இன்று குமரி மாவட்டத்தில் தேவசகாயம், சகாயராஜ், சகாயமேரி என்றெல்லாம் கூப்பிடும்போது, எவ்வளவு தூரம் நடந்து வந்த பெயர் அது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

லாசரு எபிரேயப் பெயர். எபிரேயத்தில் 'எல்' என்றால் கடவுள். 'அசார்' என்றால் உதவினார். இரண்டும் சேர்ந்து எல்அசார். உதவுவார் என்ற எதிர்பார்ப்போ, உதவட்டும் என்ற வேண்டுதலோ அதில் இல்லை. முடிந்த வினையாகவே நிற்கிறது. ஆரோனுக்குப் பின் தலைமைக் குருவான மகனின் பெயர் இதுதான். ஓர் என்னும் மலையில் தந்தை சாகும் முன்பு அவருடைய உடையைக் கழற்றி மகனுக்கு உடுத்துகிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அவர் எலெயாசார். மோசேயின் இளைய மகன் எலியேசரின் பெயரும் அதே வேரில் முளைத்தது. மலைகளை நோக்கிக் கண்களை ஏறெடுக்கும் 121-ஆம் சங்கீதத்தில் பழைய தமிழ் வேதாகமம் 'ஒத்தாசை' என்று சொல்கிறதே, அந்த இடத்திலும் எபிரேயத்தில் இருப்பது இவ்வேர்ச்சொல்தான்.

கலிலேயா நாட்டுப் பேச்சில் பெயரின் முதல் அசை தேய்ந்து 'லாசர்' ஆயிற்று. எருசலேம் தல்மூதில் பெரிய ரபிகளே இந்தச் சுருக்கப் பெயரோடு வருகிறார்கள். கிரேக்கர் தங்கள் ஈற்றைச் சேர்த்து லாசரோஸ் என்றார்கள்; அது லத்தீன் வழியாகத் தமிழில் லாசரு, லாசர், இலாசர் என்று வந்தது. ஒரே வேதாகமத்தின் முற்பகுதியில் எலெயாசாரும் பிற்பகுதியில் லாசருவும் ஒருவரையொருவர் அறியாதவர்களைப் போல நிற்பது இதனால்தான். எருசலேமுக்குப் பக்கத்திலுள்ள பெத்தானியாவை அரபியர் இன்று அல்-அய்சாரியா என்கிறார்கள். லாசருவின் 'ல' அங்கே அரபியின் 'அல்' என்ற முன்னொட்டோடு கலந்துவிட்டது. பழைய ஊர்ப்பெயர் மறைந்து, அங்கே கிடத்தப்பட்டவனின் பெயரே ஊராகிவிட்டது.

நற்செய்தி நூல்களில் லாசரு இருவர். லூக்கா சொல்லும் கதையில் ஒருவன், செல்வனின் வாசலில் புண்ணோடு கிடக்கிறான். நாய்கள் வந்து நக்குகின்றன. விழும் துணுக்குக்கு ஏங்கியே சாகிறான். இயேசு சொன்ன உவமைகளின் கற்பனை மாந்தரில் பெயர் பெற்றவன் இவன் ஒருவனே. செல்வனுக்குக்கூடப் பெயர் இல்லை. எவருடைய உதவியும் கிடைக்காத அந்த ஒருவனுக்குத்தான் 'கடவுள் உதவினார்' என்று பெயர். இதைப் படித்து மனம் உறுத்தாதவர் உண்டா? உறுத்த வேண்டும் என்றே அந்தப் பெயர் அங்கே வைக்கப்பட்டது என்பது என் எண்ணம்.

மற்றவன் பெத்தானியாவின் லாசரு, மார்த்தா மரியாளின் சகோதரன். அவன் நோயாய்க் கிடக்கிறான் என்று ஆள் அனுப்புகிறார்கள். செய்தி கேட்ட இயேசு உடனே புறப்படவில்லை. இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்குகிறார். வந்து சேரும்போது கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. மார்த்தா அவரைக் கண்டதும், நீர் இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டானே என்கிறாள். பின்னால் வந்த மரியாளும் அதையே சொல்லி அழுகிறாள். அக்காளும் தங்கையும் அந்த நான்கு நாளும் வீட்டுக்குள் அதையேதான் பேசிப் பேசி ஆற்றாமல் இருந்திருப்பார்கள். அந்த முறையீட்டை யோவான் மறைக்கவில்லை, இரண்டு முறை எழுதிவைத்தார். இயேசு அவர்களைக் கண்டிக்கவில்லை, அழுதார். அவர் கூப்பிட, உயிரோடு எழுந்து வெளியே வந்த லாசருவின் கைகாலில் பிணத்துணிக் கட்டுகள் அப்படியே இருந்தன. நற்செய்தியில் அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் இந்த இருவரும் ஒருவராகக் குழம்பினார்கள். புண்ணுடைய லாசரு தொழுநோயாளரின் காவலர் ஆனார். பெயரும் நோய்க்குரிய சொல்லாயிற்று. வெனிஸ் நகரம் 1423-இல் கொள்ளைநோயாளருக்கென நாசரேத்து மரியாள் பெயருள்ள தீவில் மருத்துவமனை வைத்தது. நாசரேத்தும் லாசருவும் மக்கள் வாயில் ஒட்டி, நோயாளரை விலக்கி வைக்கும் இடத்துக்கு 'லாசரெத்தோ' என்ற சொல் பிறந்தது. ஊர் விலக்கி வைத்தவர்கள் தங்களுக்கென்று பற்றிக்கொண்ட பெயர் லாசரு. ஆகவே அதை இழிவாக நான் நினைக்கவில்லை.

வடக்கன்குளத்துக்குத் திரும்புவோம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணியாளர். நஞ்சைக் கண்டத்தில் தாங்கிய சிவனின் பெயர் அவருக்கு. குடும்பத்தில் மாடுகள் மாண்டு, சொத்து அழிந்து அவர் சோர்ந்திருந்தார் என்றும், காரணம் புரியாமல் மருகிய அவருக்கு டி லனாய் வேதாகமத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார் என்றும் கிறிஸ்தவ மரபு கூறுகிறது. டி லனாய், 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு மன்னரின் படைக்கே பயிற்சி தந்த டச்சுக் கம்பெனி அதிகாரி. மாடிழந்தவனுக்கு மாடிழந்தவன் கதை. இதைவிடப் பொருத்தமான நூலை அவர் எடுத்திருக்க முடியாது.

யோபு என்ற பெயரிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. எகிப்தில் கிடைத்த, கிறிஸ்துவுக்கு முன் 14-ஆம் நூற்றாண்டின் அமர்னா களிமண் மடல்களில் அய்யாப் என்ற சிற்றரசர் வருகிறார். யோபுவின் பழைய வடிவம் அதுவே என்பர். 'தந்தை எங்கே?' என்பது அதற்கு அறிஞர்கள் கூறும் பொருள். பெயரின் எபிரேய வடிவம் ஈயோவ். பகைவனுக்குச் சொல் ஓயேவ். என்னை ஏன் பகைவனாக எண்ணுகிறீர் என்று 13-ஆம் அதிகாரத்தில் யோபு கடவுளிடமே கேட்கும்போது இரண்டும் உரசுகின்றன. பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் சொல்லும் இந்த மனிதர் நூலின் பெரும்பகுதியில் வழக்காடிக்கொண்டே இருக்கிறார். கடைசி அதிகாரத்தில் கடவுள், தமக்காக வாதாடிய நண்பர்களைக் கடிந்து, யோபு பேசியதே சரி என்கிறார். ஐயமும் முறையீடும் வேதத்துக்குள்ளேயே இடம் பெற்றிருப்பதுதான் துன்பப்படுகிறவனுக்கு அது தரும் முதல் ஆறுதல் என்று நான் நம்புகிறேன்.

'தந்தை எங்கே?' என்னும் பெயருக்குரியவரின் கதை கேட்டவர் 'கடவுள் உதவினார்' என்னும் பெயரை ஏற்றார். பெயரைப் பொருளோடு தமிழாக்குவது அன்றைய இயேசு சபையாரின் வழக்கம்: யோவான் அருளப்பர் ஆனார், பவுல் சின்னப்பர் ஆனார். லாசருவுக்கு அவர்கள் கண்ட 'சகாயம்' வடசொல். 'சக' என்பது கூட. 'அய' என்பது செல்லுதல். கூடவே போகிறவன் சகாயன். உதவி என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது. எபிரேயத்தில் இல்லாத ஒன்றைத் தமிழ்ப்பெயர் இப்படிச் சேர்த்துக்கொண்டது. துன்பத்தை நீக்கிவிட்ட உதவி என்று தேவசகாயத்தின் வாழ்வைப் படிக்க முடியாது. கூட நடந்த உதவி என்று படிக்கலாம். 1749-இல் சிறைப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமாயிற்று.

2012-இல் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் தரப்பட்டபோது பெயரோடு பிள்ளை என்ற சாதிப் பட்டமும் இருந்தது. அதை நீக்கக் கோரிக்கை எழுந்தது, ரோம் ஏற்றது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது வாசிக்கப்பட்டது, தேவசகாயம் என்று அழைக்கப்பட்ட லாசரு என்ற பெயர்.