திருவிழாவுக்கு கரகாட்ட செட் பேசப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

மதுரை: மாசி பிறந்தாச்சுன்னா போதும், கிராமத்து டீக்கடைகளில் ஒரே கேள்விதான். "இந்த வருஷம் நம்ம ஊருக்கு யாரு செட்டு?"

பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா, வைகாசிக் கொடை, ஆடிக்கூழ் என்று வரிசையாக அம்மன் கோவில் விசேஷங்கள். முளைப்பாரி, தீச்சட்டி, அக்னிச்சட்டி எல்லாம் இருந்தாலும் ராத்திரி ஆட்டம் இல்லை என்றால் ஊருக்கு திருப்தி கிடையாது. வரி வசூல் முடிந்ததும் விழாக் கமிட்டிக்காரர்கள் முதலில் கிளம்புவது செட் பேசத்தான்.

ஆனால் செட் பேசும்போது விடுகிற சின்னச் சின்ன தப்புகளால் திருவிழா அன்று மேடை முன்னாடி சண்டை, போலீஸ் தலையீடு, பாக்கி பணத்துக்கு பஞ்சாயத்து என்று பல ஊர்களில் பிரச்சினை ஆகி விடுகிறது. அதில் கடைசியில் அடி வாங்குவது ஆட வந்த கலைஞர்கள்தான். அதனால் யார் வருகிறார்கள், என்ன ஆடுகிறார்கள், என்ன பேச வேண்டும் என்று ஒரு ரவுண்டு பார்த்து விடுவோம்.

செட்டுல யாரு யாரு?

'கரகாட்டம்' என்று நோட்டீசில் போட்டாலும், அதுக்கு உயிர் நையாண்டி மேளம்தான். மேளம் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரியும் ஆட முடியாது.

பொதுவாக ஒரு மேள செட்டில் 2 நாதஸ்வரம், 2 தவில் இருக்கும். அதோடு பம்பை, உறுமி, தமுக்கு, தாளம் சேரும். ஊருக்கு ஊர் இது கொஞ்சம் மாறும். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டியும், இடது கையில் குச்சி பிடித்தும் அடிப்பார். பம்பை என்பது ரெண்டு மேளத்தை ஒன்றாகக் கட்டியது. உறுமியில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்த உறுமல் சத்தம் கேட்டதும்தான் சாமியாடிகளுக்கு அருள் வரும்.

மேளத்துக்கு மேல் கரகம் ஆடுபவர்கள், கோமாளி, ராஜா - ராணி வேஷக்காரர்கள் தனி. எனவே "ஒரு செட்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசாதீங்க. மேளத்துக்கு எத்தனை பேர், கரகத்துக்கு எத்தனை பேர் என்று தலைக்கணக்கு கேட்டு வாங்குங்க. 10 பேர் வருவாங்கன்னு நினைத்து 6 பேர் வந்து இறங்கினால் அங்கேயே தகராறு ஆரம்பம்.

கரகம் ரெண்டு வகை

சக்திக் கரகம் வேறு, ஆட்டக் கரகம் வேறு. சக்திக் கரகம் சாமிக்கு உரியது. நீர் நிரப்பி, பூ ஜோடித்து, விரதம் இருப்பவர் தலையில் எடுத்து வருவார். இது வேண்டுதல், வழிபாடு.

மேடையில் பார்ப்பது ஆட்டக் கரகம். செம்புக்குள் அரிசி அல்லது மணலைப் போட்டு கனம் ஏற்றி, மேலே கூம்பு மாதிரி ஜோடனை வைத்து, உச்சியில் ஒரு கிளிப் பொம்மை. இதைக் கையால் தொடாமல் தலையில் நிறுத்தி ஆட வேண்டும். அப்படியே ஏணி மேல் ஏறுவது, குனிந்து கண் இமையால் ஊசி எடுப்பது எல்லாம் வருஷக்கணக்கில் பழகினால்தான் வரும். செம்பு சரிந்தால் மானம் போச்சு என்று நினைக்கிற தொழில் இது.

1989-ல் கங்கை அமரன் இயக்கத்தில் வந்த 'கரகாட்டக்காரன்' படம் சக்கைப்போடு போட்டது. கரகாட்டம் என்றால் என்ன என்று பட்டணத்துக்காரர்களுக்கும் அந்தப் படம்தான் சொல்லிக் கொடுத்தது. ஆனால் படத்தைப் பார்த்து விசில் அடித்தவர்களில் எத்தனை பேர் நிஜ கலைஞர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டார்கள் என்பது வேறு கதை.

பறைக்கு நெருப்பு ரெடியா?

இப்போது பல ஊர்களில் பறையாட்டக் குழுக்களையும் அழைக்கிறார்கள். வட்ட மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டியது பறை. நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி ஒரு கையில், குட்டையான அடிக்குச்சி இன்னொரு கையில்.

அடிக்கும் முன் தோலை நெருப்பில் காய்ச்ச வேண்டும். பனியிலும் தூறலிலும் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கி விடும். அதனால் கொஞ்சம் வைக்கோல், சுள்ளி, தீ மூட்ட ஒரு ஓரமான இடம் இதெல்லாம் கமிட்டி முன்கூட்டியே ரெடி பண்ணி வைக்கணும். பந்தலுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

ஒரு காலத்தில் சாவு வீட்டுக்கு மட்டும் என்று சாதியைச் சொல்லி ஒதுக்கி வைத்த கருவி இது. அதே பறையை அடித்த அலங்காநல்லூர் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வள்ளி ஒயில் கும்மி சொல்லிக் கொடுத்த கோவை பத்ரப்பனுக்கு 2024-ல், மதுரை நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-ல் அதே விருது கிடைத்தது. பறைக்காரர்களை மேடையில் ஏற்றாமல் ஓரமாக நிற்க வைக்கும் ஊர்கள் இதை யோசிக்கணும்.

வேற என்ன ஆட்டம் கேட்கலாம்?

பொய்க்கால் குதிரை தஞ்சாவூர்ப் பக்கம் பேர் பெற்றது. காலில் மரக்கட்டையைக் கட்டி, இடுப்பில் குதிரைக் கூட்டை மாட்டி ஆடுவார்கள். கட்டை கட்டி ஆடுவதால் தரை மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். மயிலாட்டம், மாடாட்டம் என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஒயிலாட்டம் கையில் துணியோடு வரிசையாக ஆடுவது. தேவராட்டம் கம்பளத்து நாயக்கர் சமூகத்தில் உறுமிக்கு ஆடி வருவது. இதுக்கெல்லாம் மேடை பத்தாது, திடல் வேணும்.

ஒரு விஷயம் கவனம். குறவன் - குறத்தி ஆட்டத்துக்கு 2023-ல் தமிழக அரசு தடை போட்டு விட்டது. ஒரு சமூகத்து மக்களைக் கேவலமாகக் காட்டுகிறது என்பதுதான் காரணம். பழைய ஞாபகத்தில் நோட்டீசில் அச்சடித்து மாட்டிக் கொள்ளாதீங்க.

அட்வான்ஸ் கொடுக்கும்போது

வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்தால் பேச்சு முடிந்தது என்பது பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதோடு ஒரு பேப்பரிலும் எழுதிக் கொள்வது ரெண்டு தரப்புக்கும் நல்லது. எழுத வேண்டியவை இவைதான்:

* தமிழ் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை மூன்றும். ஒரே நாளில் ரெண்டு ஊருக்கு அட்வான்ஸ் வாங்கிய குழப்பம் வராது.
* மொத்தத் தொகை, அட்வான்ஸ், பாக்கி எப்போது என்பது. ஆட்டம் முடிந்த கையோடு பாக்கியைக் கொடுத்து விட வேண்டும்.
* வண்டி வாடகை யார் பொறுப்பு, சாப்பாடு எத்தனை வேளை.
* மழை பெய்து ஆட்டம் நின்றால் எவ்வளவு கொடுப்பது. அவர்கள் வந்து சேர்ந்த பிறகு மழை வந்தால் அது கலைஞர் குற்றம் இல்லை.

முடிந்தவரை இடைத்தரகர் இல்லாமல் செட்டுத் தலைவரிடமே நேரில் பேசுங்க. கை மாறி கை மாறி வரும்போது கமிட்டி கொடுத்தது ஒன்று, ஆடியவர் கைக்குப் போனது ஒன்று என்று ஆகி விடும்.

ராத்திரி 10 மணி ஆச்சா?

விடிய விடிய ஆட்டம் என்பது அந்தக் காலம். 2000-ல் வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்கு 12 மணி வரை மாநில அரசு சலுகை தரலாம். அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் கிடையாது.

எனவே போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்குங்க. ஆபாச ஆட்டம், இரட்டை அர்த்த வசனம், சாதி - கட்சி பாட்டு கூடாது என்று அனுமதியிலேயே நிபந்தனை போடுவார்கள். 10 மணிக்கு மேல் "இன்னும் ஒரு பாட்டு" என்று கலைஞர்களை வற்புறுத்தினால் கேஸ் வரும்போது அவர்கள் பேரும் சேர்ந்து விடும். அதைவிட ஆட்டத்தை சாயந்திரமே 6 மணிக்கு ஆரம்பித்து விட்டால் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

பெண் கலைஞர்கள் பாதுகாப்பு

கலைஞர்களை ரொம்ப வேதனைப்படுத்துவது இதுதான். உடை மாற்ற ஒரு மறைப்பு கூட இல்லாமல், வண்டிக்குப் பின்னால் சேலையைப் பிடித்துக் கொண்டு மாற்றுகிற நிலைமை. போதையில் மேடை ஏறி கையைப் பிடிப்பது, ரூபாய் நோட்டை ஜாக்கெட்டில் குத்துவது இதெல்லாம் அன்பளிப்பு இல்லை, அசிங்கம்.

கதவு உள்ள ஒரு அறை, தண்ணீர், கழிப்பறை, மேடைக்குப் பக்கத்தில் பொறுப்பான நாலு பேர். இவ்வளவுதான் கேட்கிறார்கள். அன்பளிப்பு கொடுக்க ஆசைப்பட்டால் தாம்பாளத்தில் வைத்துக் கொடுங்க, மைக்கில் பேரைச் சொல்லச் சொல்லுங்க. கவுரவமாக இருக்கும்.

சில மாச சம்பாத்தியம்தான் வருஷம் முழுக்க!

இந்தத் தொழிலுக்கு சீசன் என்பது சில மாசம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேளம் மூலையில் கிடக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கு சரியாக பங்குனியில் வந்து விழுந்தது. 2021 சித்திரையிலும் அதே கதை. ரெண்டு சீசன் அடுத்தடுத்து போனதில் கடன் வாங்கி, மேளத்தை அடகு வைத்து, வேஷம் கட்டிக் கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றார்கள்.

அரசு உதவி என்று வரும்போது முதலில் கேட்பது நல வாரிய அட்டை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-ல் அமைக்கப்பட்டது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உறுப்பினர்களுக்கு உதவித் தொகை உண்டு. கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் இதற்கு விவரம் கேட்கலாம். மாவட்ட அளவில் விருதும் தருகிறார்கள். 18 வயது வரை கலை இளமணி, பிறகு வயதுக்குத் தக்கபடி கலை வளர்மணி, கலை சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி. பேசப் போகும் செட்டில் விருது வாங்கியவர் இருந்தால் நோட்டீசில் பேரோடு போடுங்க. அவருக்கும் பெருமை, ஊருக்கும் பெருமை.

செட் பேசும்போது "அட்டை இருக்கா, பதிவு பண்ணியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. இல்லை என்றால் பதிவு பண்ணச் சொல்லுங்க. சாமிக்கு ஆயிரக்கணக்கில் மாலை போடுகிற ஊர், சாமி முன்னாடி ஆடுகிறவர் வீட்டு அடுப்பையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் அதுவும் புண்ணியம்தான்!