சட்டமும் மனச்சான்றும்

கி. மு. 399ஆம் ஆண்டில் அதென்ஸ் நகர நீதிமன்றம், எழுபது வயது முதியவரான சோக்கிரதீசருக்கு மரணதண்டனை விதித்தது. நகரத்துத் தெய்வங்களை ஏற்காதவர், இளைஞரைக் கெடுத்தவர் என்பனவே அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். சிறையினின்றும் தப்பிச் செல்லுமாறு நண்பர் கிரித்தோன் மன்றாடினார், அவர் இணங்கவில்லை. நாட்டின் சட்டங்கள் பெற்றோரை ஒத்தவை. ஆயுள் முழுவதும் அவற்றின் நிழலில் வாழ்ந்துவிட்டு, தமக்குத் தீங்கு நேர்ந்ததும் அவற்றை மீறுதல் முறையன்று என்று அவர் விடையிறுத்ததாகப் பிளேட்டோ எழுதிவைத்தார்.

அங்ஙனமாயின், அரசு ஏவியவற்றையெல்லாம் செய்தவரோ அவர்? அல்லர். கி. மு. 406இல், கடற்போரில் வென்று மீண்ட படைத்தலைவர்களைச் சட்டத்துக்கு மாறாக ஒருங்கே விசாரிக்க வேண்டுமென மக்கள் ஆர்ப்பரித்தபோது, அவர் எதிர்த்து நின்றார். கி. மு. 404இல் ஆட்சியைக் கைப்பற்றிய முப்பதின்மர், சலாமிஸ் தீவினரான லியோன் என்பவரைக் கொலைக்குப் பிடித்துவருமாறு பணித்தனர். உடன் ஏவப்பட்டோர் சென்றனர். சோக்கிரதீசரோ வீடு திரும்பினார். அவ்வாட்சி விரைவில் கவிழ்ந்திராவிடின் அதற்காகவே உயிரிழந்திருக்கவும் கூடும்.

பிறருக்கு அநீதி இழைக்குமாறு அரசு ஏவினால் மறுத்தல் வேண்டும். அம்மறுப்பின் விலையைத் தானே செலுத்தவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவனே உண்மைக் குடிமகன் என்பதனை அவர் அருந்திய நஞ்சுக் கிண்ணம் இன்றும் உணர்த்துகின்றது.