ஆயா பொறந்த தேதியும் ஹரிதாஸ் படமும்

2024 நவம்பர் 30, டிசம்பர் 1. சனி, ஞாயிறு. எங்க வீட்டுல பிறந்தநாள் விழா. யாருக்குன்னு கேக்கறீங்களா? எங்க ஆயாவுக்கு. எண்பதாவது பிறந்தநாள். அதுல என்ன விசேஷம்னா, ஆயா கொண்டாடின முதல் பிறந்தநாளும் அதுதான் :-)

ஆயாவுக்குத் தான் பொறந்த தேதி தெரியாது. ஆதார் அட்டையில 01-01-1947ன்னு இருக்கு. அது நாங்களே பண்ணின கூத்து. அட்டை எடுக்கப் போன அன்னிக்கு வயசு கேட்டாங்க, கூடப் போனவங்க குத்துமதிப்பா ஒண்ணு சொன்னாங்க, அவ்வளவுதான். ஆயாவோட தங்கச்சி அட்டையில 1945ன்னு இருக்கு. ஆக, தங்கச்சி அரசாங்கக் கணக்குப்படி அக்கா ஆயிட்டாங்க! ஆயாவுக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். "நான் தூக்கி வளத்த பொண்ணுடா அது"ன்னு சொல்லும்.

அப்பா கணக்குப்படி எண்பதாவது பிறந்தநாள் 2027ல. அதை ஆயாகிட்ட சொன்னப்போ, "அதுவரைக்கும் நான் இருக்கணுமேடா"ன்னு சிரிச்சுது. எங்க யாருக்கும் சிரிப்பு வரலை. சரி, நிஜமான தேதியைக் கண்டுபிடிச்சே தீர்றதுன்னு நான் இறங்கினேன்.

பதிவேடு இல்லையான்னு கேப்பீங்க. ஆயாவோட அப்பாவுக்கு மெட்ராஸ் துறைமுகத்துல வேலை, குடித்தனம் மண்ணடியில. ஆனா தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே? அதனால ஆயா பொறந்தது வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்துல, மருத்துவச்சி கையில. அந்தக் காலத்துல கிராமத்துப் பிறப்பு, இறப்பை எல்லாம் முன்சீப்தான் எழுதி வைப்பார். வீட்டுலேர்ந்து யாராவது போய்ச் சொன்னாத்தான் உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுக்குன்னு நாடு முழுக்க ஒரே சட்டம் வந்ததே 1969லதான்.

காகிதம் கை விரிச்சாச்சு. மிச்சம் இருந்தது ஆயாவோட அம்மா சொல்லிட்டுப் போன மூணு சேதி.

முதல் சேதி: "நீ வயித்துல இருக்கும்போது ஹரிதாஸ் பார்த்தேன்." வளைகாப்புக்கு ஊர்லேர்ந்து வந்தவங்க, பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி எல்லாருமா பிராட்வே தியேட்டருக்குப் போனாங்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். ஹரிதாஸ் 1944 அக்டோபர் 16, தீபாவளிக்கு ரிலீஸ். ஆனா சந்தோஷம் அஞ்சு நிமிஷம்கூட நிலைக்கலை. தமிழ்நாட்டுல எத்தனையோ படம் ஓடியிருக்க, சாட்சிக்கு இந்தப் படமா கிடைக்கணும்? இது அதே பிராட்வே தியேட்டர்ல 1944, 45, 46னு மூணு தீபாவளி கண்ட படமாச்சே! "ஹரிதாஸ் ஓடினப்போ"ன்னா ரெண்டு வருஷத்துக்கு மேல எந்த நாளாவும் இருக்கலாம்.

ரெண்டாவது சேதிதான் காப்பாத்துச்சு: "பாகவதரைப் பிடிச்சுட்டுப் போன சேதி வந்தப்போ நீ ஏணையில கிடந்த."

இங்க கொஞ்சம் சரித்திரம். 1944 நவம்பர் 8ம் தேதி வேப்பேரியில லட்சுமிகாந்தனைக் கத்தியால குத்தினாங்க, மறுநாள் இறந்துட்டார். சினிமாக்காரங்களைப் பத்தி மஞ்சள் பத்திரிகை நடத்தினவர். அந்த வழக்குல டிசம்பர் கடைசியில எம்.கே.தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் கைது பண்ணினாங்க. 1945 மே மாசம் ஆயுள் தண்டனை. அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947 ஏப்ரல்ல விடுதலை. ஹரிதாஸ்ல இவங்க ரெண்டு பேரும்தான் கதாநாயகனும் காமெடியனும். யோசிச்சுப் பாருங்க, அந்த மூணு தீபாவளியில முதல் தீபாவளிக்குத்தான் ரெண்டு பேரும் வெளியில இருந்தாங்க. அடுத்த ரெண்டுக்கும் திரையில பாகவதர் பாடறார், நிஜத்துல ஜெயில்ல இருக்கார். ஜனங்க டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டேதான் இருந்தாங்க.

நிற்க. நம்ம கணக்குக்கு வருவோம். படம் வந்தப்போ ஆயா வயித்துல. கைது சேதி வந்தப்போ ஏணையில. அப்போ 1944 அக்டோபர் 16க்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவுல. ரெண்டு வருஷம் சுருங்கி ரெண்டரை மாசம் ஆச்சு!

மூணாவது சேதி: "கார்த்திகை விளக்கு ஏத்தவே முடியலை, அப்படி ஒரு மழை. அன்னிக்கு ராத்திரிதான் நீ பொறந்த." 1944ல கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் மாசக் கடைசியில வருது. இதுக்கு மேல துல்லியம் வேணாம்னு நவம்பர் 30ன்னு முடிவு பண்ணிட்டோம். பெரியப்பா மட்டும் நட்சத்திரப்படிதான் செய்யணும்னு நின்னார். பார்த்தா 2024ல திருக்கார்த்திகை டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. யாருக்கும் லீவு இல்லை. நவம்பர் 30 சனிக்கிழமை. நட்சத்திரம் தோத்துடுச்சு :-)

ஆனா மழை விடலை. அன்னிக்குன்னு பார்த்து ஃபெஞ்சல் புயல். சென்னை விமான நிலையத்தையே மூடிட்டாங்க. மண்டபத்துக்குப் போக வழியில்லை. முந்தின நாளே வந்துட்ட இருபது பேரும் ரெண்டு ரூம் வீட்டுக்குள்ள. தெருமுனை பேக்கரியில கிடைச்ச அரை கிலோ கேக்கை ஆயா வெட்டுச்சு. சின்னம்மா தக்காளி சாதம் கிளறினாங்க. ராத்திரி எல்லாருமா உக்காந்து மெய்யழகன் பார்த்தோம். நடுவுல ரெண்டு தரம் கரண்ட் போச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் யூடியூபில ஹரிதாஸ் போட்டேன். எண்பது வருஷமா பேரை மட்டும் கேட்டுட்டு, ஆயா அதுவரைக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. பசங்க ஓடிடுவாங்கன்னு நினைச்சேன். ஓடலை. பழைய பாகவதர் படம் மாதிரி நீளமும் இல்லை. யுத்தத்துல ஃபிலிம் தட்டுப்பாடு, 11,000 அடிக்கு மேல படம் போகக்கூடாதுன்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்த நேரம். ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடுது. டி.ஆர்.ராஜகுமாரி ஆடினப்போ பசங்க விசிலே அடிச்சாங்க.

பெத்தவங்களை வீட்டை விட்டு விரட்டற பிள்ளை, பிறகு திருந்தி அவங்க காலே கதின்னு கிடக்கற கதை. அந்தப் பகுதி வந்தப்போ ஆயாவைப் பார்த்தேன். அழுதுட்டு இருந்துச்சு. கதைக்காக அழுவுதுன்னு நினைச்சு, "சினிமாதான ஆயா"ன்னேன்.

"அதுக்கில்லடா. எங்கம்மா இதத்தான பாத்துச்சு?"ன்னு கேட்டுச்சு.

எனக்குப் பதில் வரலை. ஆயாவோட அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. மண்ணடி வீடு இல்லை, பிராட்வே தியேட்டரும் இல்லை. அந்த அம்மா கண்ணால பார்த்ததுல, நாங்களும் அப்படியே பார்க்க முடிஞ்சது இந்தப் படம் ஒண்ணுதான். நான் தேதிக்கு சாட்சியா தேடிப் போனது ஆயாவுக்கு வேற ஒண்ணா இருந்திருக்கு.

படம் முடிஞ்சதும் ஆயா சொன்னது ஒண்ணே ஒண்ணு. "மறுபடியும் மொதல்லேர்ந்து போடு." போட்டேன்.

ஆதார்ல இன்னமும் 1947தான். திருத்தணும்னா ஆவணம் கேப்பாங்க, ஹரிதாஸை எல்லாம் ஏத்துக்க மாட்டாங்க. பரவாயில்லை, எங்க வீட்டுக் காலண்டர்ல நவம்பர் 30ஐ வட்டம் போட்டாச்சு.

உங்க வீட்டுலயும் தேதி தெரியாத பெரியவங்க இருப்பாங்க. இந்த சனி, ஞாயிறு பக்கத்துல உக்காந்து கேளுங்க. எந்தப் படம் ஓடுச்சு, யாரைக் கைது பண்ணினாங்க, மழை பெஞ்சுதா, வெயில் அடிச்சுதான்னு. ஒரு சேதி மட்டும் கிடைச்சா நம்பாதீங்க. மூணும் ஒரே இடத்துல வந்து நின்னா, கேக் வாங்கிடுங்க.