அணியமும் அமரமும்

கம்பைநல்லூரில் பிறந்தவனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும், சமுத்திரம் கண்ணில் படுவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். எங்கள் ஜில்லாவாசிகள் அறிந்த ஒரே மரக்கலம் ஒகேனக்கல் பரிசல்தான். மூங்கில் பிளாச்சுகளை முடைந்து, அந்தக் காலத்தில் தோலும் இந்தக் காலத்தில் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய வட்டக் கூடை அது. அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. நீர்ச்சுழலில் அது ஒரு சுற்றுச் சுற்றினால், முன்னால் இருந்தவர் பின்னால் போய்விடுவார், வேற்றுமை தீர்ந்தது!

இப்படிப்பட்டவன் சென்னையில் அந்தமான் கப்பலுக்கு டிக்கெட் வாங்கப் போனேன். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள் அல்லவா? 1025-ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனுடைய கப்பல் படை ஸ்ரீவிஜயத்தின் மீது பாய்ந்ததைப் பற்றி எழுதிப் பிழைக்கிற நான், அந்தக் கடலை ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா என்று கிளம்பினேன். ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர், "முன்பக்கமா சார், பின்பக்கமா?" என்று கேட்டார். நான் விழித்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள்.

உண்மையில் இது மிகப் பழைய கேள்வி. நம் கடலோர ஜனங்கள் கப்பலின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள். பாய்மரக் காலத்தில் அமரத்துக்குத்தான் மரியாதை. சுக்கான் அங்கே; காப்டனுடைய அறை அங்கே. காற்று பெரும்பாலும் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வீசுவதால், கப்பலின் துர்நாற்றமெல்லாம் முன்னால் போய்விடும். அலையை முட்டிக்கொண்டு போகிற அணியத்தில் எப்போதும் ஈரம். ஆகவே சாதாரண மாலுமிகளை அங்கே படுக்க வைத்தார்கள்.

நீராவி வந்தது, எல்லாம் தலைகீழாயிற்று. பின்னால் சுழலும் காற்றாடி கட்டிலையும் பல்லையும் சேர்த்து ஆட்டிற்று. புகைபோக்கியின் கரி பின்னால் இருந்தவர்கள் தலையில் விழுந்தது. ஆனாலும் பழக்கம் லேசில் விடுமா? பணக்காரர்கள் வெகுகாலம் அமரத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்தார்கள். 1871-இல் முதல் பிரயாணம் செய்த 'ஓஷியானிக்' என்ற ஆங்கிலேயக் கப்பலில்தான் முதல் வகுப்பைத் துணிந்து நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு எல்லோரும் அதையே பின்பற்றினார்கள்.

நடுவுக்கு என்ன மகிமை? எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணற்று ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். துலாவின் இரண்டு முனைகளும் ஏறி இறங்கும். நடுவில், அச்சுக்கு நேராக நிற்பவனுக்கு ஆட்டம் அதிகம் தெரியாது. கப்பலும் அப்படியே ஒரு துலாதான். பணம் கொடுத்தவர்கள் அச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு முனைகளும் ஏழைகளுக்கு விடப்பட்டன. 1912-இல் மூழ்கிய 'டைட்டானிக்'கில் மூன்றாம் வகுப்பிலே கூட ஒரு பாகுபாடு உண்டு. தனியாக வந்த ஆண்கள் அணியத்தில். குடும்பங்களும் தனியாக வந்த பெண்களும் அமரத்தில். பனிப்பாறை முன்புறத்தில் மோதியதால், தண்ணீரை முதலில் கண்டவர்களில் அந்தத் தனி ஆண்கள் இருந்தார்கள்.

நம்மவர்களுக்கு இந்தப் பாகுபாடு கூடக் கிடையாது. கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926-இல் வந்த 'ரஜூலா'வைத் தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் அறியாதவர் இல்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிற்று. தொடக்கத்தில் அதற்கு 5,000-க்கு மேற்பட்ட 'டெக்' பிரயாணிகளை ஏற்ற அனுமதி இருந்தது! அறைகளில் போனவர்கள் அவர்களோடு ஒப்பிட்டால் சொற்பம். டெக் டிக்கெட்டுக்கு எண் கிடையாது, கட்டில் கிடையாது. யார் முந்திப் பாயை விரிக்கிறார்களோ அவர்களுடையது அந்த இடம். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய கூலிகள் இப்படித்தான் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்பிடிப்பைத் தடுத்தது. அன்றைய சேலம் ஜில்லாவில் எங்கள் கம்பைநல்லூரும் அடக்கம்.

என் பாட்டி அந்தத் தடைக்கு முன்பே, சிறுமியாகப் பேராக் தோட்டமொன்றுக்குப் போனவள். 1950-களில், தாத்தா இறந்த பிறகு, இரண்டு குழந்தைகளோடு ரஜூலாவில் ஊர் திரும்பினாள். ஐப்பசி மாதம். "முன்னால் காற்று நன்றாக வரும்" என்று யாரோ சொன்னதை நம்பி அணியத்தில் பாயை விரித்தாள். பினாங்கை விட்ட இரண்டாம் நாள் இரவு கடல் கொந்தளித்தது. தூக்கித் தூக்கிப் போட்டதாம். பாய், துணிமூட்டை, குழந்தை எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயின. குழந்தைக்கு ஜுரம் நெருப்பாகக் காய்ந்தது. அந்தக் குழந்தைதான் என் தகப்பனார்.

அப்போது கப்பலின் நடுவாக்கில், தண்ணீர் வராத ஒரு மூலையில் படுத்திருந்த கிழவி ஒருத்தி பாட்டியைக் கூப்பிட்டாளாம். "ஏ பொண்ணு, புள்ளைய இங்க கொண்டாந்து போடு." தன் பாயைக் கொடுத்துவிட்டு, ஈரப் பாயை வாங்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்பக் கேட்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் நடுக்கடலில் நின்றது. படகுகளில் இறங்குகிற அமளியில் பாட்டி அவளைத் தேடினாள். அகப்படவில்லை. பெயரும் கேட்டு வைக்கவில்லை.

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் ஊர் வந்து சேர்ந்த பாட்டி, பிறகு கடலைப் பார்க்கவே இல்லை. ஆனால் பஸ் ஏறினாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, "நடுவால உக்காரு சாமி" என்பாள். நாங்கள் சிரிப்போம். ரஜூலா 1973-இல் கைமாறி, 'ரங்கத்' என்று பெயர் மாறி, சீக்கிரமே உடைக்கப்பட்டது. பாட்டி அதை அறிந்தாளோ என்னவோ, நான் சொல்லவில்லை.

"சார், முன்பக்கமா, பின்பக்கமா?" என்று ஜன்னல்காரர் மறுபடி கேட்டார்.

"நடுவில் ஏதாவது இருக்கிறதா?"

"அதெல்லாம் எப்போதோ போய்விட்டதே!"

பின்பக்கம் வாங்கினேன். இரவெல்லாம் இயந்திரம் தலையணைக்கு அடியில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மேல்கட்டிலில் இருந்த வங்காளிக் கனவான் தூக்கமில்லாமல் புரண்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பைநல்லூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர் ரைஸ் மில்.